டிஸ்க்குக்கு வைத்த பொட்டு

என் வண்டியைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதிலும் மனைவி சொன்னால் கேட்கவே வேண்டாம். முன் பிரேக்கைப் பிடித்தால் ஹேண்டில் கிடுகிடுவென்று உதறுகிறதாம், தேயிலைத் தோட்டத்து இறக்கத்தில் பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு உயிர் போய் உயிர் வருகிறதாம். ஒரு வாரமாக இதே பாட்டு. "ஒனக்கு எல்லாத்துக்கும் பயந்தான்" என்று கத்திவிட்டேன். மறுநாள் அவள் குடையை எடுத்துக்கொண்டு, பஸ் பிடிக்க நடந்தே இறங்கிவிட்டாள்.

அவள் லிந்துலையில் பாலர் பாடசாலை டீச்சர். எனக்கு அதைத் தாண்டி, தலவாக்கலையில் ஒரு மருந்துக்கடையில் வேலை. வீட்டில் அம்மா, இரண்டு பிள்ளைகள், ஓயாத டிவி. நாங்கள் இருவரும் தனியாகப் பேசக் கிடைப்பது வண்டியில் போகும் அந்த இருபது நிமிடம்தான். காற்றில் என் காதுக்குப் பின்னால் கத்திக் கத்தி, பாடசாலை வாண்டுகளின் கதையெல்லாம் சொல்லுவாள். அது நின்றுபோனதும் எனக்கு வண்டி ஓட்டவே பிடிக்கவில்லை. இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். வீம்பு விட்டால்தானே?

கடைசியில் குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன். பிரேக் டிஸ்க் தேய்ந்து, ஓரத்தில் விரலுக்குத் தட்டுப்படும் அளவுக்கு விளிம்பு நின்றது. போதாததற்கு லேசாக வளைந்தும் இருந்தது. ஹட்டனில் போய்ப் புது டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கும் பேட்டும் வாங்கி வந்தேன். "கராஜ்ல குடுங்களேன்" என்றாள். கராஜில் ரிப்பேர் பார்க்கும் பாஸ் செய்வதை நான் செய்ய மாட்டேனா? ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வாசலில் கடையைப் பரப்பிவிட்டேன்.

இஞ்சினுக்கு அடியில் விறகுக் கட்டைகளை அடுக்கி முன்சக்கரத்தைத் தூக்கினேன். பேட்டுகள் உட்கார்ந்திருக்கும் கெலிப்பரைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, அச்சை உருவிச் சக்கரத்தை வெளியே எடுத்தேன். டிஸ்க்கைப் பிடித்திருந்த போல்டுகளில் ஒன்று அசையவே மாட்டேன் என்றது. சனியனே, மூதேவி என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவள் கேத்தலில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிய பிறகுதான் கழன்றது. புது டிஸ்க்கில் துருவுக்குப் பயந்து பூசியிருந்த எண்ணெயைப் பெற்றோலால் சுத்தமாகத் துடைத்தேன். போல்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கினேன். சக்கரத்தையும் கெலிப்பரையும் மாட்டி, லீவரைப் பத்துத் தடவை அமுக்கியதும் பிரேக் கெட்டியானது. அடேயப்பா, எனக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே!

புதுச் சாமான் மாட்டினால் பொட்டு வைக்காமல் எங்கள் பக்கத்தில் வண்டி எடுக்க மாட்டோம். ஆனால் தண்ணீரில் குழைத்த குங்குமம் எங்கள் ஊர்த் தூறலுக்குப் பத்து நிமிடம்கூடத் தாங்காது. அதனால் தேங்காய் எண்ணெயில் குழைக்கச் சொன்னேன்.

"என்னாங்க, இப்பத்தானே எண்ணெய தொடச்சீங்க? மறுபடியும் எண்ணெயா?"

"சாமி காரியத்துல குறுக்க பேசாத."

பளபளக்கும் டிஸ்க்கில் என் கையாலேயே மூன்று பெரிய பொட்டு வைத்தேன். கற்பூரம் காட்டினேன். "ஏறு, கோயில் வரைக்கும் போயிட்டு வருவோம்" என்றேன். கரி பூசிய என் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவள் சிரித்துக்கொண்டே ஏறினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டாவது வளைவில் பிரேக்கை அமுக்கினேன். லீவர் கெட்டியாகத்தான் இருந்தது, வண்டிதான் நிற்கவில்லை. பின் பிரேக்கை மிதித்து, கியரைக் குறைத்து, வேறு வழியில்லாமல் ரோட்டோரத்தில் மழைத் தண்ணீர் ஓடும் கானுக்குள் விட்டேன். வண்டி கானில் கிடந்தது, நாங்கள் தேயிலைச் செடிகளின் மேல் கிடந்தோம். அவளுடைய முழங்கை கிழிந்து இரத்தம் வந்தது.

எழுந்த வேகத்தில் கடைக்காரனைத் திட்ட ஆரம்பித்தேன். "போலிச் சாமான தலையில கட்டிட்டான், பாத்தியா!"

அவள் சக்கரத்தைக் கைகாட்டினாள். டிஸ்க் முழுக்க எண்ணெயும் குங்குமமும் செக்கச் செவேலென்று பூசிக் கிடந்தது. கடைக்காரனை விட்டுவிட்டு வண்டியைத் தூக்கினேன். மேட்டில் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தோம்.

எண்ணெய் குடித்த பேட்டுகளை எறிந்துவிட்டு வேறு வாங்கிப் போட்டேன். டிஸ்க்கைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பெற்றோலால் துடைத்து, மறுபடி கழுவினேன். காலையில் தொழிலாளர்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தில் ஒரு வாரம் ஓட்டி ஓட்டி நிறுத்திப் பார்த்தேன். வண்டி சொன்ன இடத்தில் நின்றது.

அடுத்த திங்கட்கிழமை காலையில் அவள் சேலையைச் செருகிக்கொண்டு ஹெல்மெட்டோடு வண்டிப் பக்கம் வந்து நின்றாள். முழங்கையில் புண் இன்னும் முழுசாக ஆறவில்லை.

"இன்னைக்கு மட்டும் பஸ்ல போறியா?" என்றேன்.

"ஏன், பிரேக் சரியில்லையா?"

"பிரேக் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் பயமா இருக்கு. மறுபடி ஒன்னைய எங்கயாவது போட்டுட்டேன்னா?"

கலியாணமாகி இத்தனை வருடத்தில் பயம் என்ற சொல்லை என்னைப் பற்றி நான் சொல்லி அவள் கேட்டதில்லை. ஹெல்மெட்டை மாட்டி, வாரை இறுக்கிக்கொண்டு, என் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள்.

"நீங்க பயந்து ஓட்டுனா நான் தைரியமா ஒக்காருவேன். எடுங்க வண்டிய" என்றாள்.