நாங்கள் ஆடிய அடிமைக் கப்பல்

மழையில் நனைந்த சணல் கயிற்றுக்கு ஒரு நாற்றம் உண்டு. பழந்துணியும் சேறும் கலந்தாற்போன்ற அந்த நாற்றம் எங்காவது மூக்கில் பட்டால், எழுபது தாண்டிய எனக்கு இன்னும் முகம் கன்றிப்போகிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில், ரங்கூன் தாமுவேயில் நான் படித்த பள்ளியில், நாங்கள் 'செயாமா' என்று அழைத்த ஆசிரியை பழங்காலத்துத் துடுப்புப் போர்க்கப்பல்களைப் பற்றிச் சொன்னார். சிறைப்பட்டவர்களையும் கைதிகளையும் பலகையோடு சங்கிலியில் பிணைத்து, முரசுக்குத் தக்கபடி துடுப்பு வலிக்க வைப்பார்களாம். கை தளர்ந்தால் சாட்டையாம். கப்பல் மூழ்கினால் சங்கிலியோடு அவர்களும் போவார்களாம். கேட்டு அழுத நாங்கள் மறுநாளே அதை விளையாட்டாக்கினோம்.

கொல்லைப்புறத்து உடைந்த பெஞ்சுதான் கப்பல். மண்ணெண்ணெய் டின்னைத் தட்டித் தாளம் போட்டவள் நான். அடிமை எப்போதும் முனியம்மா. அவள் அப்பா ஆற்றின் அக்கரையிலிருந்த தன்லியினுக்கு ஆள் ஏற்றும் 'சம்பான்' படகை வலிப்பவர். அதனால் அவளுக்குத்தான் கைவீச்சு சரியாக வரும் என்று சொல்லிக்கொண்டோம். என் அப்பா அந்தப் படகுத்துறையில் குமாஸ்தா.

ஒரு மதியம் அவள் காலைக் கயிற்றால் பெஞ்சோடு நானே கட்டினேன். மணி அடித்தது, மழையும் பிடித்துக்கொண்டது, எல்லோரும் ஓடினோம். "ஏய், அவுத்து உட்டுட்டுப் போ" என்று அவள் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. வகுப்பில் போய் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பள்ளி விடும் நேரத்தில் செயாமா அவளைக் கண்டபோது முடிச்சு ஊறி இறுகி, கணுக்கால் தோல் உரிந்திருந்தது.

மறுநாள் அவள் அப்பா வந்தார். "யாரு புள்ள கட்டுனது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

முனியம்மா என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "நானேதான் கட்டிக்கிட்டேம்ப்பா."

துறையில் யார் படகு கட்டலாம் என்று சொல்பவர் என் அப்பா என்பது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் வாய் திறக்கவில்லை. செயாமா நம்பவில்லை, ஆனால் மேலே கேட்கவும் இல்லை.

"துடுப்பு என்னோட போவட்டும்னுதான், செயாமா, இந்தப் புள்ளயப் படிக்க அனுப்புனேன். வெளையாட்டுக்குக்கூட இது துடுப்பு வலிக்க வேணாம்" என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு, அவர் மகளை அழைத்துப் போனார். அவள் பிறகு பள்ளிக்கு வரவில்லை.

வீட்டில் அம்மாவிடம் பாதிக் கதையைச் சொன்னேன். "ஊரார் வம்பு நமக்கெதுக்கு" என்று சோறு போட்டாள். நானும் சாப்பிட்டேன்.

போரில் குண்டு விழுந்து அந்தப் பள்ளி போயிற்று. ஊரைவிட்டு இந்தியாவுக்கு நடந்தே போனவர்களோடு முனியம்மாவும் போனாளா, தெரியாது. தன்லியினுக்கு இப்போது பாலத்தின்மேல் பஸ் ஓடுகிறது. அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அதை இன்று எழுதிவிட்டேன். கேட்க வேண்டியவர்களில் ஒருவரும் இல்லை.