ஒற்றைக்கால் மயில்

சென்ற ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுத் தனத்தைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பத்து காவான் என்ற ஊர்த் தோட்டத்தில் கிராணி, கணக்கெழுதும் வேலை. கேசரித் தட்டுக்குப் பக்கத்தில் மயில் பூத்தையல் போட்ட ஒரு தலையணை உறை.

"எல்லாம் எங்க தனம் கைப்படத் தைச்சது லா!" என்றார் அவள் அம்மா.

எனக்குக் கேசரி புரையேறியது. அது நான் தைத்த மயில்!

பதினோரு வயதில் தைத்தது. "பொம்பளைப் பிள்ளைக்கு ஊசி போதும், பென்சில் எதுக்கு?" என்று அப்பா ஸ்கூலிலிருந்து நிறுத்திவிட்டார். படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். யார் கேட்டார்கள்? மயிலுக்கு ஒரு கால் முடிந்ததும் ஊசியை வீசிவிட்டேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால் மயிலின் ராசியைப் பாருங்கள்... என்னைக் கரையேற்றியது. அப்புறம் எங்கள் தெருவில் ஐந்து பெண்களுக்கு இரவல் போய், ஐந்து பேரையும் 'கைவேலை தெரிந்த பெண்' ஆக்கியது! தனம் ஆறாவது.

மாப்பிள்ளையின் அம்மா லேசுப்பட்டவர் இல்லை. உறையைத் திருப்பி, பின்பக்க முடிச்செல்லாம் பார்த்தார். பெண்ணின் குணம் அங்கேதானே இருக்கிறது!

"ஏம்மா, மயிலுக்கு இன்னொரு கால் எங்க?"

தனத்தின் அம்மா என்னைப் பார்த்தார் — கால் என் மடியில் இருப்பதுபோல. ஒரு பொய் சொன்னால் போதும், கல்யாணம் நிச்சயம். உண்மையைச் சொன்னால்?

தனம் நிமிர்ந்தாள். "தெரியாதுங்கம்மா. அது பக்கத்து வீட்டு அக்கா தைச்சது. எனக்குப் பொத்தான்கூடத் தைக்க வராது. பேப்பர் நல்லாப் படிப்பேன்."

அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மாவோ யோசித்தார்.

"எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு. தினம் படிச்சுக் காட்டுவியா?"

"காட்டுறேன்."

முடிந்தது பேச்சு! தட்டு மாற்ற நாள் பார்த்துவிட்டார்கள். அடடா, உண்மைக்கும் காலம் வந்துவிட்டதே என்று நான் பூரித்துப்போனேன். பூரிப்பு வாசற்படி வரைக்கும்தான்.

செருப்பை மாட்டியபடி அந்த அம்மாள் என் காதருகே குனிந்தார். "தங்கச்சி, அடுத்த வாரம் என் மகளைப் பொண்ணு பார்க்க வர்றாங்க. அவளுக்கும் தையல் வராது. அந்த உறையைக் கொஞ்சம் குடுங்க லா. அப்படியே... அந்த இன்னொரு காலையும் தைச்சுடுங்களேன்?"

உறையைக் கொடுத்தேன். கால் மட்டும் தைக்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

இந்த முறை ஜெயித்தது நான்தான்!