பிரக்கிராசி மச்சான் சாத்திய கதவு

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் தன் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். அப்படி எங்கள் வீட்டுக்கு வந்தவர் ஸலாஹுதீன் மச்சான், என் அக்கா சுல்பிகா ராத்தாவின் கணவர். கல்முனைக் கோட்டில் வழக்குப் பேசும் பிரக்கிராசி. காணி உறுதிப் பத்திரங்களும் எழுதுவார். இப்போது அவர் எங்கள் வீட்டில் இல்லை. பஸாரில் ஒரு அறையில் படுக்கிறார். ஏன் என்று ஊரில் பலரும் பலவிதமாகக் கதைக்கிறார்கள். எஸ்.எஸ்.ஸி. எழுதிவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டிலே சுற்றிக்கொண்டிருந்த நான் நடந்ததைப் பார்த்தவன். அதனால் எழுதுகிறேன்.

மச்சான் அதிகம் கதைக்கமாட்டார். கட்சிக்காரர் சொன்ன விடயம் அவர் வாயிலிருந்து வெளியே வந்ததே இல்லை. "அந்த மாட்டுக் களவு, உண்மையில அவன்தானா?" என்று தேநீர்க் கடையில் யாராவது கிண்டினால், "தேத்தண்ணி ஆறுது, குடிங்க" என்பார். நிறைய வயல் வைத்திருந்த நற்பிட்டிமுனைப் போடியார் ஒருவர் சாட்சிக்காரனைக் கூட்டிவந்து, என்ன சொல்லவேணும் என்று பழக்கிவிடும்படி கேட்டார். "கண்டத அவர் சொல்லட்டும். காணாததுக்கு நான் பாடம் நடத்துறதில்ல" என்று மச்சான் அனுப்பிவிட்டார். போடியார் வேறு பிரக்கிராசியிடம் போனார்.

ராத்தாவுக்கு இதெல்லாம் பெரிதல்ல. அவள் நெஞ்சில் கிடந்தது ஒரு பெயர்தான்: மருதமுனை றுகையா. மச்சானுக்கு முதலில் கலியாணம் பேசியது றுகையாவைத்தான். அப்போது அவளுடைய வீட்டுக்குக் கூரை ஏறவில்லை. எங்கள் வீடு பூசி முடித்து, வெள்ளையும் அடித்து நின்றது. சம்பந்தம் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. றுகையா பிறகு ஒரு நெசவுக்காரரைக் கலியாணம் முடித்து மூன்று பிள்ளைக்கும் தாயானாள். ஆனாலும் மச்சான் சாப்பாட்டில் கொஞ்சம் மிச்சம் வைத்தால் போதும், "கூரை ஏறியிருந்தா அங்க வயிறு நிறையத் திண்டிருப்பீங்க" என்பாள் ராத்தா. மச்சான் சிரித்துவிட்டு மிச்சத்தையும் சாப்பிடுவார்.

எங்கள் வீட்டு முன்னறைதான் அவர் கட்சிக்காரரைச் சந்திக்கும் கந்தோர். பலகைத் தட்டிக்கு இந்தப் பக்கம் குசினி. ஒருநாள் றுகையா தன் மூத்த மகளையும் கூட்டிக்கொண்டு அந்த முன்னறைக்கே வந்தாள். மகளை வெளி வாங்கில் இருத்திவிட்டு உள்ளே போனாள். மச்சான் கதவைச் சாத்தினார். யார் வந்தாலும் அப்படித்தான் சாத்துவார். ஆனால் அன்று ராத்தா அடுப்பை விட்டுவிட்டுத் தட்டியோடு காதை வைத்து நின்றாள். அவர்கள் மெதுவாகக் கதைத்ததால் ஒன்றும் விளங்கவில்லை. சோறு அடிப்பிடித்தது.

"என்னவாம் அவக்கு?" என்று பின்னேரம் கேட்டாள்.

"ஒரு அலுவல்."

"நான் உங்கட பொஞ்சாதி. எனக்கும் சொல்ல ஏலாதா?"

"உங்கட உம்மா வந்து ஒண்டு சொன்னாலும் உங்களுக்குச் சொல்லமாட்டன், சுல்பிகா."

"என்ட உம்மாவ நீங்க முதல்ல பேசல்லையே," என்றாள் ராத்தா.

அடுத்த கிழமை றுகையாவுக்கு மூத்தவர், அவளுடைய காக்கா முகம்மது தம்பி வந்தார். உம்மாவின் பெயரில் இருக்கும் வளவையும் வீட்டையும் தன் பெயருக்கு உறுதி முடித்துத் தரவேண்டும் என்றார். மச்சான் யோசிக்கவே இல்லை. "இத நான் செய்ய ஏலா. வேற ஆளப் பாருங்க."

"ஏன், என்ன குறை?"

"குறை ஒண்டுமில்ல. என்னால ஏலா."

அவர் குழம்பிப்போய்ப் படலையடிக்கு வந்தார். அங்கே வேலிக்கு உள்ளே ராத்தா முக்காட்டை இழுத்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணைப் பார்த்தபோதே எனக்குப் பயம் வந்தது.

"அவங்க உங்கட அலுவல் பாக்கமாட்டாங்க, காக்கா. உங்கட தங்கச்சி வந்து கதவ அடைச்சுக் கதைச்சிட்டுப் போயிருக்கா. அவட பக்கம்தான் இனி எல்லாம்."

முகம்மது தம்பி சைக்கிளை எடுத்தார். அந்த வேகத்திலேயே தாயைக் கூட்டிப்போய், வேறொரு ஊர் நொத்தாரிசிடம் உறுதியை முடித்துவிட்டார்.

பின்னால் றுகையா போட்ட வழக்குக் கோட்டுக்கு வந்த பிறகுதான் அவள் அன்று என்ன கேட்க வந்தாள் என்று ஊரோடு சேர்ந்து எனக்கும் தெரிந்தது. கலியாணத்தன்று தாய் அந்த வீட்டை அவளுக்கு வாயால் கொடுத்தார். வீடு பெண்ணுக்கென்று எல்லோருக்கும் தெரியும்தானே என்று யாரும் எழுதவில்லை. எங்கள் பகுதியில் இப்படி எழுதாத வீடுகள் எத்தனையோ. இப்போது தாய் மகன் பக்கம் சாய்கிறார், என்ன செய்யலாம் என்று கேட்கத்தான் றுகையா வந்திருக்கிறாள்.

உறுதி முடிந்த செய்தி மச்சானுக்கு எட்டியபோது ராத்தா மறைக்கவில்லை. "நான்தான் சொன்னன்," என்றாள். மச்சான் எழும்பி, ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்து மாட்டினார்.

"எங்க போறீங்க?"

"மருதமுனைக்கு. அவட ரகசியம் என்ட வீட்டால வெளியாகிற்று. நானே போய்ச் சொல்லவேணும். இனி நான் அவட வழக்கப் பாக்க ஏலா. நல்லரெத்தினம் பிரக்கிராசிட்ட விடச் சொல்லப்போறன்."

"நான்தானே சொன்னன். நீங்க ஏன் போய்த் தலை குனியவேணும்?"

"அவ நம்பினது என்னைத்தான், உங்கள இல்ல."

அந்தச் சொல்தான் ராத்தாவைச் சுட்டது. "அவட வீட்டுப்படி மிதிச்சா இந்த வீட்டுப்படி மிதிக்கவேணாம்," என்றாள். வீடு அவளுடையது. சொல்ல உரிமையும் இருந்தது.

மச்சான் போனார். அன்றிலிருந்து பஸார் அறைதான் அவருக்குக் கந்தோரும் படுக்கையும்.

கோட்டில் வழக்கு விளக்கத்துக்கு எடுத்துச் சாட்சி கேட்ட அன்று ராத்தா தன்னை அந்த அறைக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். போய் வாசலில் நின்றாள். அவள் முகம் இளகியிருந்ததைக் கண்டு எனக்குச் சந்தோசமாக இருந்தது.

"வீட்டு விசயம்தானாம். கோட்டில சொல்லிட்டாங்க," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்டைக்கு வேற ஒண்டும் கதைக்கல்லதானே?" என்றாள்.

'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் மச்சான் அன்றே பெட்டியோடு வீட்டுக்கு வந்திருக்கலாம். உண்மையும் அதுவாகத்தான் இருக்கும் என்று நான் நம்புகிறேன்.

"கோட்டில வந்தது வந்ததுதான்," என்றார் மச்சான். "மற்றதெல்லாம் அவட விசயம். உண்டு எண்டும் சொல்லமாட்டன், இல்ல எண்டும் சொல்லமாட்டன்."

ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு திரும்பிவிட்டாள். அவருக்கு இப்போதும் பகல் சோற்றை அவளே ஆக்கிக் கட்டி என்னிடம் கொடுத்தனுப்புகிறாள். மீன் பொரியலில் பெரிய துண்டு அவருக்குத்தான். நான் சைக்கிளில் ஏறும்போது மட்டும் கேட்பாள்: "அங்க கதவு சாத்தியிருந்தா, உள்ளுக்கு ஆர் எண்டு பாத்துட்டு வா."

நான் பார்ப்பதுண்டு. வந்து சொல்வதில்லை.