பீப்பாய்க்குள் ஒரு பெருச்சாளி

ஆம்பூரில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் நாலு கட்டில் போடுகிற அளவுக்கு மண் கிடந்தது. அதைத் தோட்டம் என்று நான் சொன்னால் என் மாமியார் சிரிப்பார். சிரிக்கட்டும். அரிசி ரேஷனில் வந்த காலம் அது. பாதி நாள் சோற்றுக்குப் பதில் கிழங்குதான். அந்த மண்ணில் சர்க்கரைவள்ளிக் கொடி போட்டு, ஓரத்தில் பூசணி வைத்து, கொடி ஓடி மண்ணே தெரியாமல் மூடிக்கொண்டபோது எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் ஒரு பக்கம் கொடி வாடித் தொங்குகிறது. இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. கீழே கிழங்கு இல்லை. கிழங்கு இருந்த இடத்தில் பள்ளம், பள்ளத்துக்குப் பக்கத்தில் புது மண் குவியல், குவியலுக்குப் பின்னால் என் முழங்கை நுழையும் அளவுக்கு ஒரு வளை.

"பெருச்சாளி!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா கோழிக்கூட்டை அப்படியே திறந்து போட்டுவிட்டு மதிற்சுவருக்கு மேல் தலையை நீட்டினார். முக்காட்டுக்குள் அவருடைய கண் இரண்டும் பளபளத்தன. அவருக்கும் இந்த மாதிரி விஷயம் என்றால் உயிர்.

எனக்கு அப்போது ஏழாம் மாதம். முதல் பிள்ளை ஆறாம் மாதத்திலேயே போய்விட்டது. இது இரண்டாவது. எனக்குத் தாய் வீடு என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லாததால் பிரசவம் இங்கேயே, பின்னறையில் என்று முடிவாகியிருந்தது. அந்தப் பின்னறையின் மண்சுவருக்கு அடியில்தான் வளை போயிருந்தது. ஐப்பசி மழை தொடங்க மூன்று வாரம்கூட இல்லை. வளைக்குள் தண்ணீர் இறங்கினால் சுவர் உட்கார்ந்துவிடும். கிழங்கு போனால் போகிறது, வேறு போட்டுக்கொள்ளலாம். பிள்ளை பெறப் போகிற அறையை யார் போட்டுத் தருவார்கள்?

"அடிச்சிப் போட வேண்டியதுதானே?" என்றேன் என் கணவரிடம்.

அவர் வாயைத் திறப்பதற்குள் மாமியார் அடுப்படியிலிருந்து வந்துவிட்டார். "புள்ளத்தாச்சி ஊட்டு ஆம்பள ஒரு உசுரையும் கொல்லக்கூடாதும்மே. எலியானாலும் சரி, பாம்பானாலும் சரி."

"தெனம் ஆட்டுத் தோலுல பொரள்றாரே, அது இன்னா அத்தை?"

"அது செத்து வந்தது. இவனா கொன்னான்?"

என் கணவருக்குத் தோல் கம்பெனியில் வேலை. பச்சைத் தோலைக் கழுவிச் சுண்ணாம்புக் குழியில் போடும் பகுதி. ஒரு நாளைக்கு எத்தனை தோல் கையில் புரளும் என்று அவருக்கே தெரியாது. அப்படிப்பட்ட கை ஒரு பெருச்சாளி மேல் படக்கூடாதாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "அம்மா சொல்றது சரிதான். உசுரோட ஓட்டிடலாம், பேஜார் படாதே" என்றார்.

சரி, ஓட்டுவோம் என்று நானே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன்.

முதலில் தண்ணீர். அவர் கிணற்றிலிருந்து இறைத்துக் குடம் குடமாகக் கொண்டுவந்து வளையில் ஊற்றினார். நான் முக்காலி போட்டு உட்கார்ந்து, கையில் முறத்தோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டுக் குடம் போயிற்று. மண் குடித்துக்கொண்டே இருந்தது. ஒன்பதாவது குடத்துக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் கோழிகள் ஊரைக் கூட்டின. "இங்க வந்துடுச்சு! இங்க வந்துடுச்சு!" என்று அக்கா கத்துகிறார். பூனையளவு இருந்ததாம், கூட்டுக்கு அடியிலிருந்து கிளம்பி, நனைந்த உடம்பை ஒரு தடவை உதறிவிட்டு, அவரை நேருக்கு நேர் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளேயே போய்விட்டதாம். அப்போதுதான் மாமியார் பின்னறைச் சுவரைத் தொட்டுப் பார்த்து, "நல்லாருக்கும்மே உங்க வேலை. மழ வந்து செய்யறத நீங்களே செஞ்சிட்டீங்க" என்றார். சுவர் ஒரு சாண் உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்தது. தண்ணீர் வைத்தியம் அத்தோடு நின்றது.

அடுத்தது மிளகாய்ப் புகை. இது என் யோசனை, ஒத்துக்கொள்கிறேன். வரட்டியில் நெருப்பு வைத்து ஒரு கை காய்ந்த மிளகாயைப் போட்டு, வளை வாசலில் வைத்து விசிறினோம். நல்ல கணக்காகத்தான் விசிறினோம். ஆனால் வளைக்கு எத்தனை வாசல் என்று பெருச்சாளிக்குத்தான் தெரியும், எங்களுக்குத் தெரியாதே. ஒரு வாசல் எங்கள் அடுப்படி மூலையில் இருந்திருக்கிறது. உள்ளே இருந்து மாமியார் இருமிக்கொண்டே, கண்ணைக் கசக்கிக்கொண்டே, என் வம்சத்தையே வாழ்த்திக்கொண்டே வெளியில் ஓடிவந்தார். தெருவில் நாலு வீடு தள்ளி இருமினார்கள். பெருச்சாளி இருமியதாகத் தெரியவில்லை.

மூன்றாவதாக அக்காவே ஒரு வழி சொன்னார்: நாற்றம் தாங்காமல் ஓடும்படி செய்யவேண்டும். என் கணவர் கம்பெனியில் தோலை ஊறவைத்துக் கழித்த ஆவாரம்பட்டைத் தண்ணீரை இரண்டு தகரத்தில் கொண்டுவந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு ஊற்றினோம். மறுநாள் பார்த்தால் அந்த வளைக்குப் பக்கத்திலேயே இன்னொரு குவியல், இன்னும் பெரியதாக. அக்கா மதில் மேல் சாய்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். "தங்கச்சி, நான்தான் புத்தி கெட்டுப் போய்ச் சொல்லிட்டேன். ஆம்பூர்ல பொறந்த பெருச்சாளிக்கு இந்த நாத்தமெல்லாம் அத்தர் ஆச்சே!"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பொழுது விடிந்தால் பெருச்சாளி, பொழுது சாய்ந்தால் பெருச்சாளி. வயிற்றில் பிள்ளை புரளும்போதுகூட, சுவருக்கு அடியில்தான் ஏதோ புரள்கிறது என்று காதை வைத்துக் கேட்பேன். ஓட்டினால் போகாது, பிடித்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். தோலுக்குப் பூசும் புங்க எண்ணெய் வந்த காலிப் பீப்பாய் ஒன்றைக் கேட்டு வாங்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். இடுப்பளவு உயரம். உள்ளே எண்ணெய் ஊறி, கை வைத்தால் வழுக்கியது. அதை வாய்மட்டத்துக்குப் புதைத்து, மேலே மெல்லிய ஓலையைப் பரப்பி, நடுவில் கருவாடு வைத்தால் வந்து விழாதா என்ன?

ஒரு வாரம் வைத்தோம். விழவில்லை. கருவாட்டின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புதைத்த இடம் சரியில்லை என்று பூசணி வேருக்குப் பக்கத்தில் மாற்றிப் புதைக்க அவர் தோண்டினார். ஒரு சாண் போனதும் மண்வெட்டியில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்து என் முன்னால் போட்டார். ஆட்டின் காது. அதன் கூடவே வால் நுனி, தோலின் உள்பக்கம் சுரண்டிய சவ்வு, எல்லாம் ஓரத்தில் பல் பட்டுக் கடித்துக் குதறியிருந்தது.

எல்லாம் நானே புதைத்தது. தோல் வேலைக்காரர்கள் வீட்டில் எல்லோரும் செய்கிற காரியம்தான் அது. கம்பெனியில் வெட்டிப் போடும் ஓரங்களைக் கொண்டுவந்து செடிக்கு எருவாகப் புதைப்போம். பூசணி அப்படிக் காய்க்கும். நான்தான் பேராசை பிடித்து, கூடை கூடையாகக் கொண்டுவரச் சொல்லி, மேலாகவே புதைத்திருந்தேன். கறி விருந்து நான் வைத்துவிட்டு, வந்த விருந்தாளியைக் கருவாடு காட்டிக் கூப்பிட்டால் வருமா? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அந்த வெட்கத்துக்குள்ளேயே ஒரு குதூகலம். வழி தெரிந்துவிட்டதே!

இரண்டு நாள் சாயங்காலம் அவர் வந்ததும் தோட்டம் முழுவதும் கிளறி, புதைத்ததையெல்லாம் பொறுக்கி எடுத்தோம். பாதிக் கொடி நாசமானது. ஆகட்டும். ஒரு துண்டு விடாமல் எடுத்துத் தூரத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, நல்ல காதாக ஒன்றை மட்டும் பீப்பாயின் ஓலை மேல் வைத்தோம்.

மூன்றாம் நாள் விடியற்காலை, பல் விளக்க வெளியே வந்தேன். பரக் பரக்கென்று சத்தம். ஓலை உள்ளே போயிருந்தது. எட்டிப் பார்த்தேன். அடேயப்பா! கறுப்பு ரோமம் சிலிர்த்துக்கொண்டு, அடியில் சுற்றிச் சுற்றி வந்து, எம்பி எம்பி வழுக்கி விழுந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் பல்லைக் காட்டிச் சீறியது. எனக்கு உடம்பெல்லாம் பதறியது, சந்தோஷத்தில்.

மாமியார் தண்ணீருக்குப் போயிருந்தார். கணவர் உள்ளே வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்று தோன்றியது. கொல்லக்கூடாது என்பது ஆம்பிளைக்குத்தானே? எனக்கு யாரும் சொல்லவில்லையே. இரண்டு வாரமாக என்னை ஆட்டிவைத்ததைச் சும்மா விடுவதா? மூலையில் இருந்த உலக்கையை எடுத்து, இரண்டு கையாலும் பீப்பாய்க்கு மேல் தூக்கினேன்.

தூக்கியது இறங்கவில்லை. பின்னாலிருந்து அவர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வேணாம்மே. உன் கால்ல வேணா விழறேன். வேணாம்."

"எனக்கு அந்த சாத்திரமெல்லாம் கெடயாது, உடுங்க."

"எனக்கு இருக்குது" என்றார். உலக்கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "போன தபா, நீ மாசமா இருந்தப்போ, குளிக்கிற மறைப்புல ஒரு சாரைப் பாம்பு வந்துச்சு. நீ பயப்படுவேன்னு அடிச்சிட்டேன். யாருக்கும் சொல்லல, அம்மாவுக்குக்கூட. பத்து நாள்ல புள்ள போய்டுச்சு."

நான் உலக்கையை விட்டுவிட்டேன். கீழே பீப்பாய்க்குள் பெருச்சாளி இன்னும் எம்பிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷம். ஒரே பாயில் படுத்து, ஒரே தட்டில் சாப்பிட்டு, இரண்டு வருஷமாக இந்த மனுஷன் பிள்ளையைக் கொன்றவன் தான்தான் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்திருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "பாம்புக்கும் புள்ளைக்கும் இன்னாங்க சம்பந்தம்? ஆஸ்பத்திரி டாக்டரம்மா அப்பவே சொல்லலியா, என் ஒடம்புல ரத்தம் கம்மின்னு?" என்றேன். அவர் தலையை ஆட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.

அதற்கு மேல் நான் வாதம் பண்ணவில்லை. "சாக்கு எடுத்தாங்க" என்றேன்.

பீப்பாயைச் சுற்றி மண்ணைத் தோண்டி, வாயில் சாக்கைக் கட்டிச் சாய்த்தோம். சாக்குக்குள் திபுதிபுவென்று ஓடிவந்தது. இறுக்கிக் கட்டி, சைக்கிள் கைப்பிடியில் மாட்டி, அவர் தள்ளிக்கொண்டு நடக்க, நானும் வருவேன் என்று அடம்பிடித்துக் கூடவே நடந்தேன். அன்றைக்கு அவர் வேலைக்குப் போகவில்லை. பாலாற்று மணலில் சைக்கிள் இறங்கியபோது, களை பிடுங்கப் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மாள், "சாக்குல இன்னாம்மா?" என்று கேட்டார். "கெழங்கு" என்றேன். கிழங்கு துள்ளிக் குதித்தது. அந்த அம்மாள் ஒரு முழம் பின்னால் போய்விட்டார். நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன், சிரிப்பு தாங்காமல். அவரும் சிரித்தார். அந்த இரண்டு வாரத்தில் அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

எவன் வயலிலும் விட்டு அவன் சாபத்தை வாங்கக்கூடாது என்று, அக்கரையில் வயலெல்லாம் தாண்டி, மலையடிவாரத்து முள்ளுப் புதர் வரை போனோம். கட்டை அவிழ்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மூக்கு வந்தது, மீசை வந்தது, ஒரே பாய்ச்சலில் புதருக்குள் போய்விட்டது. "போய்ட்டான்!" என்று கைதட்டிக் கத்தினேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

வளையில் உடைந்த செங்கல்லையும் சுண்ணாம்பையும் போட்டு இடித்து இறுக்கினோம். ஐப்பசி மழை கொட்டியது. சுவர் அசையவில்லை. மார்கழியில் அந்த அறையிலேயே பெண் பிறந்தாள். மூன்றே கால் கிலோ இருப்பாள் என்று நான் சொல்லிக்கொள்வேன், தராசு எங்கே இருந்தது? வீடே கொண்டாடியது. அவர் மட்டும் பிள்ளையைத் தூக்கவில்லை. எட்ட நின்று பார்ப்பார். கை சொரசொரப்பு, சுண்ணாம்பு பட்டது, குழந்தைக்கு ஆகாது என்று ஏதாவது சொல்வார்.

பேர் வைக்கிற அன்று தெருவே வந்திருந்தது. மாமியார் தொட்டிலை ஆட்டிக்கொண்டே பெருமையாகச் சொன்னார்: "அந்தப் பெருச்சாளிய உசுரோட உட்டான் பாரு எம்புள்ள, அந்தப் புண்ணியந்தான் இது." ஆமாம் ஆமாம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். பக்கத்து வீட்டு அக்காவும் ஆட்டினார். சர்க்கரைத் தட்டோடு நின்ற என் கணவரைப் பார்த்தேன். தலை குனிந்துவிட்டது. அவர் மனசில் ஓடியது எனக்கு அப்படியே தெரிந்தது. இது அந்தப் புண்ணியத்தில் பிழைத்தது என்றால், போனது எந்தப் பாவத்தில்?

"அத்தை, அந்தப் பேச்சை உடுங்க!" என்றேன். நான் போட்ட சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டது. "பெருச்சாளியால ஒண்ணும் இது பொறக்கல. அத அடிச்சிக் கொன்னுருந்தாலும் இது பொறந்திருக்கும். போன புள்ளையும் யாராலயும் போகல. யாரு மேலயும் தப்பில்ல."

"போன புள்ளையப் பத்தி இப்ப யாரும்மே பேசினா?" என்று மாமியார் திகைத்தார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பச்சை உடம்புக்காரி, ஏதோ பேசுகிறாள் என்று யாரோ சமாதானம் சொன்னார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் தட்டை அக்காவின் கையில் கொடுத்தார். வேட்டியில் இரண்டு கையையும் துடைத்தார். அத்தனை பேர் முன்னாலும் தொட்டிலுக்கு வந்து, குனிந்து, அழுகிற பிள்ளையை முதல் தடவையாகத் தூக்கிக்கொண்டார்.