டிக் அக்கா யாருடைய ஆள்?

எங்கள் தெருவில் அவருக்கு டிக் அக்கா என்று பெயர். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு, படிவத்தில் டிக் அடிப்பது அவருடைய வேலை. பதினோரு வருஷமாக அடிக்கிறார். பதினோரு வருஷமும் தற்காலிக ஊழியர்தான்.

கணக்கெடுப்பை தேசப் புள்ளிவிவர அலுவலகமும் மாகாணப் புள்ளிவிவர அலுவலகமும் சேர்ந்து நடத்துகின்றன. ஒரே கட்டடம், ஒரே வராந்தா, எதிரெதிர் அறைகள். வேலையை நிரந்தரமாக்குங்கள் என்று அக்கா தேசத்து அறையில் மனுக் கொடுத்தால், "நீங்க மாகாணத்து ஆளும்மா, எதிர் ரூமுக்குப் போங்க" என்பார்கள். எதிர் அறையில், "நீங்க தேசத்து ஆளாச்சே, உங்களை நாங்க தொட முடியுமா?" என்று எழுந்து நின்று மரியாதையாகச் சொல்வார்கள். அவருடைய வருகைப் பதிவேடுகூட எந்த அறையிலும் இல்லை. வராந்தாவில் ஒரு ஸ்டூல் மேல் கிடக்கிறது. மழை பெய்தால் சாரலில் நனையும்.

இப்படிப்பட்டவரைப் பிடித்துத்தான் இந்த வருஷம் ஒரு புதுக் கேள்வியோடு அனுப்பினார்கள். முதலில் நீங்கள் நாட்டைச் சேர்ந்தவரா, மாகாணத்தைச் சேர்ந்தவரா, இரண்டும் சமமா? மூன்று கட்டம். அடித்தல் திருத்தல் கூடாது. வேலை சுத்தமாக முடிந்தால் நிரந்தரம் பற்றி யோசிக்கலாம் என்று இரண்டு அறையிலும் சொல்லியிருந்தார்களாம். யோசிப்பதற்கே இரண்டு அலுவலகம் தேவைப்படுகிறது, பாருங்கள்.

எங்கள் குடியிருப்பில் எட்டு வீடு. மேல்மாடி மருந்துக்கடைக்காரர் ஒரு நொடிகூட யோசிக்காமல் மாகாணம் என்றார். அவர் வீட்டு ஈரத்துணி கீழ்வீட்டு வாத்தியாரின் வாசலில் சொட்டுவதால் இருவருக்கும் பதினைந்து வருஷப் பகை. அக்கா கீழே இறங்கியதும் வாத்தியார் கேட்ட முதல் கேள்வி, "மேல என்ன சொன்னான்?"

சொல்லக் கூடாது என்பது விதி. ஆனால் உச்சி வெயில், அன்றைக்கு நாற்பதாவது வீடு, செருப்பு வார் வேறு அறுந்திருந்தது. "மாகாணம்னாருங்க சார்" என்று சொல்லிவிட்டார்.

"அப்ப எனக்கு நாடு. நல்லா அழுத்திப் போடும்மா."

மருந்துக்கடைக்காரருக்குப் பாம்புக் காது. தடதடவென்று படி இறங்கி வந்தார். "நாட்டை இவருக்கு யாரு எழுதிக் குடுத்தது? எனக்கும் நாடுதான். மாத்துங்க."

"அவன் இருக்கற கட்டத்துல நான் இருக்க மாட்டேன். என்னை மாகாணத்துல போடு."

"மாகாணம் நான் பொறந்த மண்ணு! அதுல இவரு கால் வைக்கக் கூடாது!"

சத்தம் கேட்டு எட்டு வீடும் கூடிவிட்டது. நான் அதற்கு முன்பே சமம் என்று போட்டிருந்தேன். என் மனைவி அத்தனை பேர் எதிரிலும், "இதுலகூட ஒரு பக்கம் நிக்கத் துப்பில்லையா?" என்றாள். ரோஷம் வந்து நானும் மாற்றச் சொன்னேன். எதற்கு மாற்றச் சொன்னேன் என்பதுதான் இப்போது நினைவில்லை. ஆளாளுக்குப் பிடுங்கியதில் ஒரு படிவம் கிழிந்தது, நாலில் மை ஈஷிக்கொண்டது.

மறுநாள் வாத்தியாரும் மருந்துக்கடைக்காரரும் பதினைந்து வருஷத்தில் முதல்முறையாக ஒன்றாக உட்கார்ந்தார்கள். அக்கா ரகசியத்தை வெளியே விட்டுவிட்டார் என்று புகார் எழுதினார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு அலுவலகத்துக்கும் ஆளுக்கொரு பிரதி. ஏழாவது கையெழுத்து என்னுடையது. வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

பதினோரு வருஷமாக ஒரு மனுவுக்கும் பதில் போடாத அலுவலகங்கள் நாலே நாளில் மெமோ அனுப்பின. மனசு கேட்காமல், மன்னிப்புக் கேட்க அக்கா வீட்டுக்குப் போனேன். அழுதுகொண்டிருப்பார் என்று பார்த்தால், முகமெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"படிச்சுப் பாருங்க சார்."

தேச அலுவலகம், "எமது ஊழியராகிய தாங்கள் விதியை மீறியுள்ளதால்" என்று ஆரம்பித்திருந்தது. மாகாண அலுவலகமும் அச்சு அசலாக அப்படியே. இரண்டிலும் முதல் இரண்டு சொற்களுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

"எங்க ஆளுன்னு ரெண்டு பேருமே எழுத்துல குடுத்துட்டாங்க. நீங்கள்லாம் கையெழுத்துப் போடலன்னா இது வந்திருக்குமா?" கிண்டல் இல்லை. மனதார நன்றி சொன்னார். அவர் என்னை நாலு திட்டு திட்டியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன்.

அவருடைய கணவர் வெல்டிங் பட்டறையில் வேலை பார்ப்பவர். "உடம்பு சரியில்ல, வாய் தவறிடுச்சுன்னு எழுதிக் குடு. இல்லன்னா வேலை போயிடும்" என்றார்.

"போகட்டுமே. போச்சுன்னா இருந்துச்சுன்னு ஆயிடும்ல?"

அன்றைக்கே இரண்டு பதில் எழுதினார். குற்றத்தை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன், தங்கள் ஊழியர் என்ற முறையில் எனக்குரிய தண்டனையை வழங்குங்கள் என்று கேட்டு, மெமோவின் நகலையும் இணைத்தார்.

தண்டித்தால் ஊழியர் என்று ஆகிவிடுமே என்பது அங்கே யாருக்கோ உறைத்திருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து, புகாரை வாபஸ் வாங்கும் கடிதத்தோடு நான் மறுபடி போயிருந்தபோது, இரண்டு அலுவலகத்துப் பதில்களும் ஒரே தபாலில் வந்தன. தாங்கள் இவ்வலுவலக ஊழியர் அல்லர் என்பது தெரியவந்துள்ளதால் மெமோ திரும்பப் பெறப்படுகிறது, வழக்கம்போல் பணிக்கு வரவும்.

"அப்பாடா, தப்பிச்சே" என்றார் கணவர்.

அக்கா இரண்டையும் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

"அடிக்கறதுக்காவது, இவ எங்க ஆளுன்னு ஒருத்தர் சொல்லியிருக்கக் கூடாதா, சார்?"