அழிக்காமல் விட்ட பெயர்

எங்கள் பக்கத்திலிருந்து விமானத்தில் போய்வருகிறவர்களுக்கென்று வாட்ஸாப்பில் ஒரு குழு இருக்கிறது. விழுப்புரம், திண்டிவனம், சுற்றியுள்ள கிராமங்கள் என்று சில நூறு பேர். யார் என்றைக்குக் கிளம்புகிறார், எந்த விமானம், எந்த இருக்கை, சென்னையிலிருந்து திரும்பும் காரில் இடம் இருக்கிறதா, எல்லாம் அதில் வரும். டிக்கெட்டைப் படம் பிடித்துப் போட்டால் போதும். அரை மணி நேரத்தில் ஒருவர் மாத்திரை கொடுத்தனுப்பலாமா என்று கேட்பார், இன்னொருவர் துணைக்கு நான் வருகிறேன் என்பார். ஜன்னல் வழியாக இறக்கையைப் படம் எடுத்துப் போடாதவன் விமானத்தில் ஏறியதாகவே யாரும் ஒத்துக்கொள்வதில்லை. மஸ்கட்டில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு, விழுப்புரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வந்து உட்கார்ந்த பிறகும் நான் அந்தக் குழுவை விட்டு வெளியே வரவில்லை. நானும் பறந்தவன் என்ற பெருமைதான். இன்றைக்கு அதைச் சொல்ல வாய் கூசுகிறது.

என் தங்கையும் மஸ்கட்டில்தான் இருந்தாள். எங்கள் நிலத்தில் மல்லாட்டை, வேர்க்கடலைதான், பிடுங்க வந்துகொண்டிருந்த குடும்பத்தில் பிறந்து, படித்து மேலே வந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு போனவள். படிப்பு, வேலை, குணம் எதுவும் எங்கள் பெரியப்பாவின் காதில் ஏறவில்லை. ‘ஊருக்குள்ள கால வச்சான்னா அவளுக்குக் காலு இருக்காது’ என்று ஊர்க் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார். அப்பா வாயைத் திறக்கவில்லை. நானும்தான். தங்கை ஃபேஸ்புக்கை மூடினாள். வாட்ஸாப்பில் முகத்துக்குப் பதிலாக ஒரு செம்பருத்திப் பூவை வைத்தாள். அவளுடைய எண் எங்கள் வீட்டில் என் ஒருவனிடம் மட்டும் இருந்தது.

இரண்டு வருடம் கழித்து அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். பேச்சு குழறிப் போயிருந்தது. ஒரு சொல் மட்டும் தெளிவாக வந்தது: ‘பாப்பா’. தங்கையை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

உறவுக்காரர்கள் எல்லாரும் சாயங்காலம்தான் எட்டிப் பார்ப்பார்கள். காலை முழுக்க அப்பாவுடன் நான் மட்டும். அவள் காலை விமானத்தில் இறங்கி, நேராக மருத்துவமனைக்கு வந்து, அப்பாவுக்குப் பேத்தியைக் காட்டிவிட்டு மதியத்துக்குள் கிளம்பிவிடலாம் என்று பேசி வைத்தோம். மாப்பிள்ளைக்கு விடுமுறை கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அவரை வரச்சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

“ஒருத்தருக்கும் தெரியக் கூடாதுண்ணா. நான் பாத்துக்கினு வந்துடுவேன்” என்றாள்.

சரி என்றேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. எட்டு மாதக் குழந்தையோடு தனியாக வருகிறாள், வரிசையில் எப்படி நிற்பாள், பெட்டியை யார் இறக்கித் தருவார்கள் என்று ஒரே யோசனை. துணையில்லாமல் ஒரு பெண்ணை அனுப்பி நமக்குப் பழக்கம் கிடையாதே. அவள் அனுப்பியிருந்த டிக்கெட் படத்தில் அவள் பெயர் மேல் போனிலேயே கறுப்பாகக் கோடு இழுத்தேன். பெரிய புத்திசாலி. ‘தெரிந்தவர்கள் கைக்குழந்தையோடு வருகிறார்கள், அதே விமானத்தில் யாராவது இருந்தால் பார்த்துக்கொள்ளவும்’ என்று எழுதிக் குழுவில் போட்டேன்.

அவள் பெயருக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. மடியில் வைத்துக்கொண்டு வரும் குழந்தைக்கும் டிக்கெட்டில் பெயர் போடுகிறார்கள். நம்மில் யாருக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது? அந்த இடத்தில் அப்பா பெயரைத்தான் எழுதித் தொலைக்கிறோம். அந்தக் குழந்தையின் பெயர் எங்கள் ஊரில் எவனுக்கும் தெரியாது. அதற்குப் பின்னால் இருந்த மாப்பிள்ளையின் பெயர் ஊருக்கே தெரியும். என் கண்ணில் மட்டும் அது படவில்லை.

அங்கே நர்ஸாக இருக்கும் திண்டிவனத்துப் பெண் ஒருத்தி, தானும் அதே விமானம்தான், பார்த்துக்கொள்கிறேன் என்று பதில் போட்டாள். நல்ல பெண். சொன்னபடியே இருக்கை எண்ணை வைத்துத் தேடிப் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள், பெட்டியை இறக்கித் தந்தாள். துணைக்கு வருகிறவர்கள் சென்னையில் இறங்கியதும் ஒரு படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். வீட்டுக்காரர்களுக்கு நிம்மதியாக இருக்குமாம். நானே எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். அவளும் போட்டாள். தோளில் குழந்தையோடு என் தங்கை, பாதி முகம். ‘பத்திரமா எறங்கியாச்சு’ என்று கீழே எழுதியிருந்தாள்.

அந்த நர்ஸ் பெண்ணைப் போனில் கூப்பிட்டேன். “தெரியாதுங்ணா, எப்பவும் போடறதுதானேங்க” என்று சொல்லி உடனே அழித்துவிட்டாள். அதற்குள் பத்துப் பதினைந்து பேர் இதயமும் கும்பிடும் போட்டிருந்தார்கள். பாதி முகம்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று தங்கையிடம் சொல்லாமல் விட்டேன்.

ஒன்றரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, பெரியப்பா மருத்துவமனைக்கு வந்துவிட்டார். கூடவே அவர் மகனும் நான்கு ஆட்களும். அந்த மகன் என் முகத்துக்கு நேரே போனை நீட்டினான். நான் போட்ட டிக்கெட்டும் அந்தப் பெண் போட்ட படமும் அடுத்தடுத்து இருந்தன. யார் அனுப்பினார்கள் என்று இன்றுவரை தெரியாது.

“புள்ள பேருக்குப் பின்னாடி எவன் பேரு இருக்குது? படிடா” என்றான்.

அப்போதுதான் அந்த வரியை முதல்முறையாகப் படித்தேன்.

பெரியப்பா அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “வரட்டும். நாங்களும் பேத்தியப் பாக்கணும் இல்ல?” என்றார். குரலை உயர்த்தவே இல்லை. ஆட்கள் கீழே வாசலில் நின்றார்கள். நான் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு தங்கையைக் கூப்பிட்டேன்.

“திண்டிவனம் வந்துக்கினு இருக்கேண்ணா. அப்பா முழிச்சிக்கினு இருக்காரா?”

“வராதம்மா. பெரியப்பா இங்க உக்காந்துக்கினு இருக்காரு. கீழ ஆளுங்க நிக்கறாங்க. வண்டிய ஜல்தியா திருப்பச் சொல்லு.”

டிரைவரிடம் வண்டியை ஓரம் கட்டச் சொன்னாள்.

“அவங்களுக்கு எப்படிண்ணா தெரியும்?”

மறைக்காமல் சொன்னேன்.

“ரெண்டு வருஷமா எம் மூஞ்சியக்கூட நான் எங்கியும் போடல. நீ எங் கொழந்த பேரப் போட்டியாண்ணா?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை, போனை வைத்துவிட்டாள். விழுப்புரத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லாத தூரம் வரை வந்தவள், திண்டிவனத்தோடு திரும்பிப் போனாள்.

அப்பா காலையிலிருந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பா வருவாள் என்று நான்தான் காதோடு சொல்லியிருந்தேன். மதியம் பெரியப்பா ஸ்பூனால் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். பாசமாகத்தான் கொடுத்தார். அந்த வாரமே அப்பா போய்ச் சேர்ந்தார். கொள்ளி வைத்தவன் நான். அவர் கடைசியாகக் கேட்ட ஒன்றைக் கெடுத்தவனும் நான்தான்.

தங்கைக்குச் செய்தி அனுப்பினேன். போய்ச் சேரவே இல்லை. எண்ணை மாற்றிவிட்டாள். மாப்பிள்ளையின் எண்ணும் இல்லை. மஸ்கட்டிலேயே இருக்கிறார்களா, வேறு நாட்டுக்குப் போய்விட்டார்களா என்றுகூடத் தெரியவில்லை. குழுவை விட்டு நான் இன்னும் விலகவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், யார் யாரோ விமான நிலையத்தில் நின்று போடுகிற படங்களை விரலால் இழுத்துப் பெரிதாக்கி, பின்னால் நிற்கிற பெண்களின் முகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெண்கள் யாரும் என்னைப் பார்க்கச் சொல்லி அங்கே நிற்கவில்லை.

ஒரு வருடம் போல ஆனது. அந்த நர்ஸ் பெண்ணுக்குத் தனியாக எழுதினேன், எங்கேயாவது என் தங்கையைப் பார்த்தால் சொல்லும்மா என்று. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

‘பாத்தேங்ணா. நல்லா இருக்காங்க. கொழந்த நடக்குது. எங்கன்னு மட்டும் கேக்காதீங்க.’

நான் அவளோட அண்ணன்மா என்று அடித்தேன். அனுப்புவதற்குள் அவளிடமிருந்து இன்னொன்று வந்துவிட்டது.

‘முக்கியமா உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க.’

அடித்ததை அழித்தேன்.