தெளிந்த தண்ணீருக்குச் சேறு

எங்கள் கிணற்றுத் தண்ணீர் பார்வைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். அடியில் கிடக்கும் கல்லைக்கூட எண்ணிவிடலாம். கேத்தலில் கொதிக்க வைத்தால்தான் அதன் லட்சணம் தெரியும். உள்ளே சுண்ணாம்பு வெள்ளைப் பொருக்காகப் படிந்துவிடும். நாவுலப் பக்கம் எங்கள் தெருவில் எல்லாக் கேத்தலுக்கும் இதே கதிதான். வாப்பாவுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு என்று மாத்தளை கிளினிக்கில் சொன்ன நாளிலிருந்து அந்தத் தண்ணீர் அவருக்கு ஆகாது என்று கட்டளை. சந்தியில் சுத்திகரித்த தண்ணீர் கொடுக்கும் இடத்துக்கு சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு போவார். போகும்போதெல்லாம் முணுமுணுப்பார்.

தரம் பத்தில் விஞ்ஞானப் போட்டிக்கு ஒரு செயற்றிட்டம் செய்ய வேண்டி வந்தது. அந்தக் கேனை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று கிளம்பினேன். ஒரு முழ நீள பீவிசி குழாய். உள்ளே கூழாங்கல், ஆற்று மணல், இடித்த சிரட்டைக் கரி. தோளில் மாட்ட என் பழைய புத்தகப் பையின் வார். எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போகலாம். கரியை எத்தனை தரம் கழுவினாலும் கறுப்பாகத்தான் வடிந்தது. ஒரு வாரம் என் நகமெல்லாம் கரி. கடைசியில் ஒருவழியாகத் தெளிந்து வந்த தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பார்த்தால், அதே வெள்ளைப் பொருக்கு! மணலும் கரியும் சேற்றைப் பிடிக்கும், கரைந்த சுண்ணாம்பைப் பிடிக்காது என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

விஞ்ஞான டீச்சரிடம் போய், "இது வேலை செய்யல டீச்சர்" என்றேன்.

"போட்டி திங்கக்கிழமை புள்ள. இப்ப வந்து சொல்றீங்களே! ஜட்ஜ்மார் அஞ்சு நிமிஷந்தான் நிப்பாங்க, கண்ணுக்குத் தெரியுற மாதிரி ஏதாச்சும் காட்டணும்" என்றவர், தோட்டத்திலிருந்து ஒரு பிடி சேற்றை அள்ளி, நான் கொண்டு போயிருந்த கிணற்றுத் தண்ணீரில் போட்டுக் கலக்கினார்.

இல்லாத அழுக்கைப் போட்டு அதையே எடுத்துக் காட்டுவதற்குப் பெயர் விஞ்ஞானமாம். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் வலயப் போட்டியில் மேலே சேற்றுத் தண்ணீரை ஊற்ற, கீழே தெளிந்த தண்ணீர் சொட்டியதும் நடுவர்கள் மூன்று பேரும் கை தட்டினார்கள். இரண்டாம் பரிசு. மேடைக்குக் கூப்பிட்டால் யாருக்குத்தான் கால் தரையில் நிற்கும்? நானும் வாயைத் திறக்கவில்லை.

வாப்பா சான்றிதழுக்குச் சட்டம் போட்டு மணிக்கூட்டுக்குக் கீழே மாட்டினார். மறுநாள் பார்த்தால் கேன் காய்ந்து கிடக்கிறது. மனுசன் கிணற்றுத் தண்ணீரை என் குழாயில் வடித்துக் குடித்துக்கொண்டிருக்கிறார்!

"வாப்பா, இது சேறு எடுக்கத்தான். உங்களுக்கு இத குடிக்க வாணாம்."

"சீல் அடிச்சுத் தந்தீக்கிறாங்க. பெரிய ஆக்களுக்குத் தெரியாததா மகள் உனக்குத் தெரியும்?"

உம்மாவும் அவர் பக்கம். "புள்ள செஞ்சத குடிக்காம வேற யாரு செஞ்சத குடிக்கிற?" என்றார். மூன்று நாள் கத்தினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். எனக்குக் கோபத்தைவிடப் பயம் அதிகமாகிவிட்டது. நாலாம் நாள் அவரை அடுப்படியில் உட்கார வைத்து, உம்மாவின் புதுச் சட்டியில் என் குழாய்த் தண்ணீரை ஊற்றி, வற்றும்வரை காய்ச்சினேன்.

சட்டியின் அடி வெளுத்துக் கிடந்தது. வாப்பா நகத்தால் சுரண்டி, விரல் நுனியில் வைத்துப் பார்த்தார்.

"இது அவங்களுக்குத் தெரியாதா?"

"அவங்க கேக்கல வாப்பா."

"நீ சொல்லல்லயா மகள்?"

நான் சட்டியை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். அவர் எழுந்து கேனைக் கழுவி, சைக்கிளில் கட்டிக்கொண்டு சந்திக்குப் போனார். அன்றைக்கு ஒரு முணுமுணுப்பும் இல்லை. வழக்கம்போல முணுமுணுத்துக்கொண்டாவது போயிருக்கலாம்.